ஓரை யாருடையது?

கடந்த திங்களில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் நிகழ்ந்ததைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, தொல்காப்பியக் களவியலில் வரும் 'ஓரை' கிரேக்கச் சொல் என்று படித்தேன், உண்மையா என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் விடை கூறவில்லை. இப்படிக் கேட்பதே தமிழுக்குச் செய்யும் இரண்டகம் என்றார். கைத்தட்டல் எழுந்தது. அவள் அமர்ந்துவிட்டாள். அதே அவையில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

வழக்கு புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகிய எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956), ஓரை என்பது 'ஹோரா' என்னும் வடசொல்லின் வழியாக வந்த கிரேக்கச் சொல் என்றும், ஆகவே தொல்காப்பியம் பிற்பட்ட நூல் என்றும் வாதிட்டார். அவருக்குக் கிடைத்த பட்டம் தமிழ்ப் பகைவர் என்பது. மறுத்தவர்கள் சொன்ன விடை இன்றும் மேடைதோறும் ஒலிக்கிறது: சங்கச் செய்யுள்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டு, எனவே அது தூய தமிழ்.

சங்கச் செய்யுள்களைப் பற்றிய செய்தி சரியே. ஆனால் களவியல் நூற்பா ஓரையை 'நாள்' என்பதோடு இணைத்துச் சொல்கிறது; நாள் என்பது அங்கே விண்மீன். களவொழுக்கத்திலும் தலைவன் நல்ல பொழுதையும் விண்மீனையும் கைவிடமாட்டான் என்பது கருத்து. பழைய உரையாசிரியர்களும் அதைப் பொழுதாகவே கொண்டனர். 'விளையாட்டையும் விண்மீனையும் கைவிடான்' என்று பொருள் கொள்ள யாருக்குத் துணிவு உண்டு? ஒலியால் ஒன்றுபட்ட இருவேறு சொற்கள் இவை. மாணவருக்கு முதலாண்டில் கற்பிக்கும் இந்த எளிய செய்தி மேடை ஏறியதும் நமக்கு மறந்துவிடுகிறது.

ஐயமுள்ளவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சூரிய ஓரையில் தொடங்கும். அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். இது என்ன வரிசை? வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு, குருவுக்கு 12 ஆண்டு, செவ்வாய்க்கு 2 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு, சந்திரனுக்கு 27 நாளும் சிறிதும். மெதுவாகச் செல்வது தொலைவில் இருப்பது என்று கொண்டு, பூமியை நடுவில் வைத்துக் கிரேக்கர் அடுக்கிய வரிசை இது. ஒரு நாளுக்கு 24 ஓரை. 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே மறுநாளின் முதல் ஓரை, சூரியனிலிருந்து எண்ணினால் நான்காவதாகிய சந்திரனுடையது, அது திங்கட்கிழமை. அங்கிருந்து நான்காவது செவ்வாய். கிழமைகளின் வரிசை முழுவதும் இப்படித்தான் பிறக்கிறது. நாளை 60 நாழிகையாகப் பகுத்தவர்கள் நாம். 24ஆகப் பகுத்தவர்கள் எகிப்தியர், அதைக் கிரேக்கர் பெற்றுக்கொண்டனர். கோள்களைப் பற்றிய கணக்குகளைப் பாபிலோனியரிடம் வாங்கினர். கிரேக்கரும் கடன் வாங்கியவர்களே என்பதை மேடைக்காரர்கள் கவனித்தால் சற்று ஆறுதல் அடையலாம்.

6ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினிப் பகுதியில் வாழ்ந்த வராகமிகிரருக்கு இந்தக் கூச்சம் இல்லை. தம் பஞ்சசித்தாந்திகையில் அவர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ரோமகமும் பௌலிசமும் உண்டு. மேடத்தைக் 'கிரிய' என்றும் இடபத்தைத் 'தாவுரி' என்றும் மிதுனத்தை 'ஜிதும' என்றும் கிரேக்கப் பெயர்களை வடமொழி நாவுக்கு ஏற்பத் திரித்து எழுதினார். யவனர் மிலேச்சர் என்று பழிக்கும் தம் கால வழக்கை விட்டுவிடாமலேயே, இந்தச் சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் அவர்கள் முனிவரைப்போல் போற்றப்படுகின்றனர் என்ற கருத்தையும் பதிவு செய்தார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'அஹோராத்ர' என்ற சொல்லின் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை நீக்கினால் ஹோரா கிடைக்கும் என்று 'சிலர்' சொல்வதாக அவரே எழுதுகிறார். நம் மேடைக்காரர்களுக்கு முன்னோடிகள் அப்போதே இருந்திருக்கிறார்கள்!

இனி மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். கடன்சொல் ஒன்றைக் கண்டதும் நூல் முழுவதற்கும் காலம் குறித்துவிடும் அவசரமும் ஆய்வாகாது. யவனஜாதகம் கிரேக்கத்திலிருந்து 149-150இல் பெயர்க்கப்பட்டு 269-270இல் செய்யுளாயிற்று என்று டேவிட் பிங்கிரி 1978இல் பதிப்பித்தபோது நிறுவினார். பலரும் அந்த ஆண்டுகளைக் கல்வெட்டாகக் கொண்டனர். 2013இல் பில் மாக் சுவடிகளை மீண்டும் படித்து அந்த ஆண்டுகளுக்குச் சான்று இல்லை என்று காட்டினார். ஆக, ஹோரா இந்நாட்டுக்கு எப்போது வந்தது என்பதே உறுதியில்லை. தொல்காப்பியத்தில் பல காலத்து நூற்பாக்கள் கலந்திருக்கலாம் என்பதும் தீர்ந்துபோன விவாதம் அன்று. ஓர் ஆணியில் ஒரு பெருநூலைத் தொங்கவிட இரு கட்சியாரும் முயல்கின்றனர். வையாபுரிப் பிள்ளையின் சொல்லாராய்ச்சியை ஏற்கும் நான் அவருடைய காலமுடிபை ஏற்பதற்கில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்று யார் விதித்தது?

இஞ்சிவேர் கிரேக்கத்துக்குப் போய்ச் 'சிங்கிபெரிஸ்' ஆயிற்று என்றால் அவையில் கைத்தட்டல் எழும். ஓரை அங்கிருந்து இங்கே வந்தது என்றால் இரண்டகம். கப்பல்கள் ஒரு திசையில் மட்டுமா ஓடின? திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டெடுக்கப்பட்ட தமிழிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்கிறது. அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியரோடு சத்தியபுத்திரர் குறிக்கப்படும் அதே தொடரில் அந்தியோகன் என்ற யவன அரசனும் இருக்கிறான். நம் மாவட்டத்துப் பாறையில் உள்ள பட்டம், கிரேக்க அரசனின் பெயரோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்ட பட்டம்.

பெற்றவர்கள் அடிமைகளாக இருந்ததில்லை என்பதற்கு யூப்ரட்டீசு ஆற்றங்கரைத் துறவி செவேருஸ் செபொக்த் நல்ல சான்று. அரிஸ்டாட்டிலின் தருக்கத்தையும் வானியல் கருவியையும் பற்றிச் சிரியாக் மொழியில் எழுதியவர். அதே மனிதர் 662இல், கிரேக்கம் பேசுவதாலேயே அறிவின் எல்லையைத் தொட்டுவிட்டதாக நினைப்பவர்களைச் சாடி, ஒன்பது குறிகளால் கணக்கிடும் இந்தியரைப் பாருங்கள் என்றார். வாங்கியதை ஒப்புக்கொண்டவருக்கே இப்படிச் சாடும் தகுதி வரும்.

நம்மவர் வாங்கியதை என்ன செய்தனர் என்பதற்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. 1825இல் வெளிவந்த 'காலசங்கலித'த்தில் ஜான் வாரன், தாம் புதுச்சேரியில் சந்தித்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியும், சொற்களாக மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். 1825 மே 31 - ஜூன் 1 இரவுக் கிரகணத்தில் அவர் கணக்குத் தொடக்கத்துக்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிசகியது. இம்முறையை 1952இல் ஆராய்ந்தவர் ஓட்டோ நாய்கெபாவர். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுழற்சி ஒன்பது முறை நிகழ 248 நாள். பாபிலோனில் வழங்கிய அந்த எண், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசுகளிலும் உண்டு. இங்கே அது 248 வாக்கியங்களாயிற்று. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் அந்த மரபினது. 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னபோது, வாக்கியப்படி 2026இல்தான் என்று திருநள்ளாற்றில் அறிவித்தார்களே, அதே வாக்கியம். அங்கே மணலைத் தோண்டித் தேடிய எண்ணை இங்கே ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குக் கைத்தட்டியிருக்கலாம் நாம்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம், நூற்பாவில் உள்ள ஓரை பெரும்பாலும் கிரேக்கச் சொல்லே, அவையில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள்: 'அப்படியானால் கோணமும் கிரேக்கமா, ஐயா?' பலர் அப்படிச் சொல்கின்றனர். எனக்கு ஐயம் உண்டு. கோண், கோணல், கோணுதல் என்று தமிழில் அந்த வேர் விரிந்து கிடக்கிறது. அகராதிகளைப் பார்த்துவிட்டு வா, வாதிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.