எஞ்சியது எவ்வளவு?



நம் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில், முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. ஓலையோ கல்வெட்டோ இன்றி இதனை எங்ஙனம் அறிந்தனர்?

உயிருள்ள பயிர் காற்றிலிருந்து கார்பன்-14ஐ ஏற்கிறது. அறுவடையோடு அவ்வரவு நின்றுவிட, இருந்தது சிதைந்து குறைகிறது. அதன் அரைவாழ்காலம் 5,730 ஆண்டுகள். அதைப்போல் இருமடங்கு காலத்தில் முழுவதும் தீர்ந்துவிடும் என்று மாணவர் எண்ணிவிடுவதுண்டு. அன்று, நூறு ஐம்பதாகும், ஐம்பது இருபத்தைந்தாகும். ஒவ்வொரு முறையும் எஞ்சியதில் பாதி குறைவதே முதல்வகை வினையின் இயல்பு.

கணக்கைச் செய்து பார்ப்போம். 0.693ஐ 5,730ஆல் வகுத்தால் வேக மாறிலி 0.000121. நெல்லில் 68 விழுக்காடு எஞ்சியதாகக் கொண்டால், 100/68இன் இயல் மடக்கை 0.386. இதனை மாறிலியால் வகுக்க, ஏறத்தாழ 3,190 ஆண்டுகள். காற்றில் கார்பன்-14இன் அளவு காலந்தோறும் சற்று மாறியிருப்பதால், அறிஞர் இவ்விடையை மேலும் திருத்துவர்.

பெற்றோரே, இக்கணக்கில் பிள்ளை தடுமாறினால் கடியாதீர். அருகமர்ந்து, "எஞ்சியது எவ்வளவு?" என்று கேளுங்கள், விடை அங்கே தொடங்கும். மூவாயிரம் ஆண்டுகளாக ஒரு நெல்மணிக்குள்ளும் பிறழாத ஒழுங்கை வைத்த இறைவனை நாம் போற்றுவோம்.