நூறு ரூபாய் அபராதமும் ஒரு வாதமும்

நாய் இனப்பெருக்கத்துக்கு அரசு போடும் விதிகளால் எந்த நாயும் பிழைத்ததில்லை, நல்ல வளர்ப்பாளர்களை நசுக்கி மோசமானவர்களை மறைவிடத்துக்குத் துரத்துவதுதான் அவை செய்யும் ஒரே வேலை என்று வாதிடும் கட்டுரையை நிதானமாகப் படித்தேன். எழுதியவர் நாய்களோடு நெடுநாள் பழகியவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. கோபம் வருவதும் அதனால்தான். தெரியாமல் எழுதுபவரை விட்டுவிடலாம். ஒரு பெட்டை நாயிடம் ஒவ்வொரு சினைப்பருவத்துக்கும் ஒரு ஈத்து எடுத்தால் அதன் உடம்பு என்னவாகும் என்று தெரிந்த ஒருவர், அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், 5,000 ரூபாய்ப் பதிவுக் கட்டணத்துக்காகப் பத்தி பத்தியாகக் கண்ணீர் வடித்திருக்கிறார்.

அவர் இவ்வளவு பயப்படும் விதிகள் என்ன சொல்கின்றன? சட்ட ஆணையம் 2015-இல் தன் 261-ஆவது அறிக்கையில் நாய் இனப்பெருக்கத்தையும் செல்லப்பிராணிக் கடைகளையும் முறைப்படுத்தச் சொன்னது. 2017 மே மாதம் மத்திய அரசு விதிகளை அறிவித்தது. பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகும் முன் இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். நல்ல வளர்ப்பாளர் என்று கட்டுரையாளர் யாரைச் சொல்கிறாரோ, அவர் இதையெல்லாம் விதி வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்திருப்பார். அப்படியானால் நசுங்குவது யார்?

எட்டு வாரம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்கப்படும் குட்டியைப் பாருங்கள். நாற்பத்தைந்து நாள் என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால் பால் பற்கள் பாதிதான் முளைத்திருக்கும். நிற்கும்போது பின்னங்கால் நடுங்கும். பூச்சியால் வயிறு மட்டும் உப்பியிருக்கும். வாங்கியவர் குழந்தையின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சில நாளில் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த பேதி. பார்வோ வைரஸ். கால்நடை மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் தவிப்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கி, தடுப்பூசி இன்னும் வேலை செய்யத் தொடங்காத இடைவெளியில், பல ஊர்க் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்து விற்றால் வேறென்ன நடக்கும்? தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் கடித்து விளையாடித்தான் ஒரு குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்கிறது. அந்தப் பாடம் தவறிய குட்டி பிறகு வீட்டுக் குழந்தையைக் கடிக்கும், கடித்ததற்காகத் தெருவில் விடப்படும். எட்டு வாரம் என்ற விதி இத்தனையையும் தடுக்க எழுதப்பட்டது. இதை அதிகாரிகளின் கற்பனை என்று எழுத எப்படிக் கை வந்தது?

சரி, விதி இருந்தும் சந்தையில் குட்டிகள் விற்கப்படுகின்றனவே என்கிறார். உண்மைதான். அவருடைய வாதத்தின் முதுகெலும்பே இந்த ஒன்றுதான்: விதி இருக்கிறது, கொடுமை தொடர்கிறது, ஆகவே விதி வீண். இந்தத் தர்க்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையின் விலை நூறு ரூபாய். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. இந்த நாய் விதிகள் அதன் 38-ஆவது பிரிவின் கீழ் எழுதப்பட்டவை. அப்பிரிவின் விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவில், விலங்கைக் கொடுமைப்படுத்திய முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு ஈத்தில் ஆறு குட்டி விற்பவருக்கு நூறு ரூபாய் எதற்குச் சமம் என்று கட்டுரையாளருக்குத் தெரியாதா? தொகையை உயர்த்தத் திருத்த வரைவு ஒன்று 2022-இல் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. அது சட்டமாகட்டும் என்று அவர் கேட்டிருந்தால் அவருடைய அக்கறையை நம்பியிருப்பேன். பல்லைப் பிடுங்கி வைத்திருக்கும் சட்டத்தைக் காட்டி, பார், கடிக்கவே தெரியவில்லை என்கிறார்.

பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கு. வர்ஜீனியா மாநிலத்தின் கம்பர்லேண்டில் என்விகோ என்ற நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்காக பீகிள் நாய்களை ஆயிரக்கணக்கில் பெருக்கிக்கொண்டிருந்தது. உரிமம் பெற்ற நிறுவனம். 2021 ஜூலை முதல் வேளாண்துறை ஆய்வாளர்கள் அங்கே மீறல்களை வரிசையாகப் பதிவு செய்தார்கள்: பாலூட்டும் தாய்களுக்கு உணவு நிறுத்தப்பட்டது, குட்டிகள் குளிரில் விறைத்துச் செத்தன, ஏழு மாதத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட குட்டிகள் இறந்ததற்குக் காரணமே கண்டறியப்படவில்லை. உரிமமோ ரத்தாகவில்லை. இதுவரை மட்டும் சொன்னால் கட்டுரையாளர் மகிழ்ந்துபோவார். மிச்சத்தையும் கேட்க வேண்டும். 2022 மே மாதம் நீதித்துறை அதே விலங்கு நலச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 4,000 பீகிள்கள் மீட்கப்பட்டு வீடுகளுக்குப் போயின. 2024-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல் செலுத்தச் சம்மதித்தது. ஆய்வாளர் எழுதிவைத்த குறிப்புகள் இல்லையென்றால் நீதிமன்றத்தில் எதைக் காட்டியிருப்பார்கள்? உள்ளே நுழைந்து பார்க்கும் உரிமையை ஆய்வாளருக்குக் கொடுத்தது அரசின் சட்டம். நாய்ப் பிரியர்களின் நல்லெண்ணத்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

அரசுக்குப் பதிலாக கென்னல் கிளப்புகளே போதும் என்ற யோசனைக்கு வருகிறேன். இந்திய கென்னல் கிளப் தரும் கே.சி.ஐ. பேப்பர் என்பது வம்சாவளிச் சான்று. அந்தக் குட்டியின் அப்பன் யார், பாட்டன் யார் என்று சொல்லும். தாய் எந்தக் கூண்டில் கிடக்கிறது என்று அதில் எழுதியிருக்காது. கூண்டைச் சோதிக்கும் சட்ட அதிகாரமும் கிளப்புக்குக் கிடையாது. சுயக் கட்டுப்பாட்டின் விளைவைப் பார்க்க வேண்டுமானால் பக் நாயின் முகத்தைப் பாருங்கள். பிரிட்டனில் கென்னல் கிளப் பதிவுகளை வைத்து 2008-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்கிருந்த சுமார் 10,000 பக் நாய்களின் மரபணு வளம் வெறும் 50 நாய்களுடையதற்குச் சமம் என்றது. அதே நாட்டு ஆய்வு ஒன்றில் பிரெஞ்சு புல்டாக் ஈத்துகளில் ஐந்தில் நான்குக்கு மேல் சிசேரியன். அண்ணனையும் தங்கையையும் சேர்த்து, மூக்கு மறையும்வரை அழுத்தி, மூச்சுவிடத் திணறும் பிராணிக்குக் கோப்பை கொடுத்தவர்கள் அரசு அதிகாரிகள் இல்லை. இங்கே ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பக் வந்த பிறகு அதன் தேவை எகிறியது நினைவிருக்கும். சென்னை வெயிலில் அந்த நாய்கள் வாய் பிளந்து இழுக்கும் மூச்சைக் கேட்டவர்கள் சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவரோடு உடன்படுகிறேன். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டுத் தடைசெய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கை மோசமானது. பாதிக்கப்படுபவர்களின் கருத்தைக் கேட்காமல் போட்டதை கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அடுத்த மாதமே ரத்து செய்தன. சரியாகத்தான் செய்தன. ஆனால் ஒரு இனத்தின் பெயரைத் தடைசெய்வது வேறு, ஒரு பெட்டை நாயின் கர்ப்பப்பையைக் காப்பது வேறு. முதலாவது மனிதருக்குப் பயந்து செய்தது. இரண்டாவது நாய்க்காகச் செய்தது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒன்றின் தோல்வியை மற்றதன் தலையில் ஏற்றியிருப்பது நேர்மையான வாதம் அல்ல.

நாட்டு நாய் இனங்கள் அழிந்துவிடும் என்ற பயமுறுத்தலையும் விட்டுவிட முடியாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளர்க்கும் கிராமத்துக்காரருக்கு 5,000 ரூபாய் பாரம்தான். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். விதியையே தூக்கி எறியச் சொல்வதற்கு அது காரணம் ஆகாது. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் தேவைப்படுகின்றன. அவை அங்கே இல்லாமல் போனால் கேட்கும் திறனும் போகிறது. தூய வெள்ளைக் குட்டிக்குத்தான் விலை என்று நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால், காவலுக்கு வாங்கிய நாய்க்கு வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்காது. நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதைத் தடுக்கும் விதியால் முதலில் காப்பாற்றப்படப் போவது இந்த நாட்டு இனங்கள்தான்.

மறைவிடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது கடைசி வாதம். இப்போது எங்கே இருக்கிறார்களாம்? மொட்டை மாடியிலும் கோழிக்கூண்டிலும் இருப்பவர்களை வெளியே கொண்டுவரத்தான் பதிவு கேட்கிறோம். இங்கிலாந்தில் 2018 முதல் உரிமம் பெற்ற வளர்ப்பாளர், குட்டி விற்கும் விளம்பரத்தில் உரிம எண்ணைப் போட வேண்டும். குட்டியைத் தாயோடு வைத்துக் காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் லூசி சட்டம் வந்து, ஆறு மாதம் ஆகாத குட்டியை இடைத்தரகர் விற்பதையே தடுத்தது. லூசி, வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட ஸ்பானியல் இனத் தாய் நாய். கடத்தல் அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் எண் இல்லாத விளம்பரத்தைப் பார்க்கும் வாங்குபவருக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்திருக்கிறது. கட்டுரையாளர் புகழும் வாங்குபவரின் விழிப்புணர்வுக்கு அந்தப் பிடியைக் கொடுத்ததும் சட்டம்தான்.

குட்டி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவரிடம் வாரியப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் கூண்டை, நகத்தை, மடியைப் பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியாக இருந்தால் வாங்காதீர்கள். சான்று இல்லை, தாய் ஊரில் இருக்கிறது என்று மழுப்பினால் முகவரியோடு மாநில விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள். அதே கடிதத்தில் அந்த நூறு ரூபாயை உயர்த்தச் சொல்லியும் எழுதுங்கள்.