காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸுக்கு ஒரு டெண்டர் விதி

மாண்புமிகு தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பம் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. மறுநாள் புதன்கிழமை காலை குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் பீளமேட்டிலும் ஷட்டரைத் தூக்கி சிஸ்டத்தை ஆன் செய்யும்போது அந்த அப்டேட் இறங்கத் தொடங்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் கடைசி நாள் 11ஆம் தேதி. 2024 டிசம்பரிலும் 2025 ஜூனிலும் இரண்டாவது செவ்வாய் சரியாக 10ஆம் தேதி வந்தது. மாதத்திலேயே நெருக்கடியான காலையில், கணக்கு எழுதும் கணினியின் அடித்தளத்தை யாரோ எங்கிருந்தோ மாற்றிப் போடுகிறார்கள். அதை ஏற்றுக்கொண்டுதான் கொங்கு நாட்டில் தொழில் நடக்கிறது. பாதுகாப்புக்காக ஏற்கத்தான் வேண்டும். என் கேள்வி அதற்குள் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. அப்படி மாற்றும்போது, காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸைக் கணினி மறந்துவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

லைசென்ஸ் போனால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. டேலி தன் லைசென்ஸை அடையாளம் காணாவிட்டால் எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடும். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும் என்பது இந்த ஊர்க் கணக்காளர் எல்லோருக்கும் தெரியும். 17ஆம் தேதி கிளம்பிய சரக்குக்கு அன்றைய தேதியில் பில் போட வழியில்லை. டிசைன் மென்பொருள் என்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. பம்ப் இம்பெல்லரின் வரைபடம் சொந்தக் கணினியில்தான் இருக்கும், கண்ணால் பார்க்க முடியாது. வரைபடம் வராமல் சி.என்.சி. மிஷினுக்குப் புரோகிராம் போகாது. இதிலிருந்து மீளும் வழியும் லேசானதல்ல. விண்டோஸ் 10ஐத் தொலைபேசி வழியே ஆக்டிவேட் செய்ய, திரையில் ஏழேழாக ஒன்பது கட்டங்களில் தெரியும் 63 இலக்கங்களைப் பிசகில்லாமல் சொல்லி, பதிலுக்கு வரும் 48 இலக்கங்களை எழுதிக்கொண்டு தட்ட வேண்டியிருந்தது. இது ஒரு கணினிக்கு. பன்னிரண்டு கணினி வைத்திருக்கும் கம்பெனியில், ஏ.எம்.சி.யில் சிஸ்டம் பார்க்க வருகிற ஒரே ஆள் அன்றைக்கு எத்தனை இடத்துக்கு ஓடுவார்?

இது கற்பனைப் பயம் அல்ல. 2008 ஆகஸ்ட் 12 அன்று, வி.எம்.வேர் நிறுவனத்தின் சர்வர் மென்பொருளில் சில வாரங்களுக்கு முன் வந்திருந்த அப்டேட்டை நிறுவியவர்கள் தங்கள் மெய்நிகர் கணினிகளை ஆன் செய்ய முடியாமல் திகைத்தார்கள். சோதனைக் காலத்துக்காக எழுதிய காலாவதி நிரலை எடுக்காமலே வெளியிட்டுவிட்டார்கள். லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று மென்பொருள் முடிவுகட்டிவிட்டது. தீர்வு வரும்வரை கடிகாரத்தை 10ஆம் தேதிக்குப் பின்னால் திருப்பி வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்களின் கணினிகள், உங்களுக்கு ஹோம் லைசென்ஸ்தான் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கின. கோளாறு மைக்ரோசாஃப்டின் ஆக்டிவேஷன் சர்வரில். 2024 ஏப்ரல் மாத இறுதியில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, நிறுவனங்களில் விண்டோஸ் 11 ப்ரோவிலிருந்து என்டர்பிரைஸுக்கு மாற வேண்டிய கணினிகள் மாறாமல் நின்றன. லைசென்ஸை வாங்கி வர வேண்டிய உள் நிரலுக்கே கணினி அனுமதி மறுத்ததுதான் காரணம். அது சரியாக ஜூலை மாதக் கடைசி ஆயிற்று.

இவற்றில் நான் அதிகம் யோசித்தது 2019 ஜனவரி 8ஆம் தேதி நடந்ததைப் பற்றி. அன்றைக்கு நிறுவனங்களில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள் பலவற்றில், இந்த நகல் உண்மையானதல்ல என்ற வரி வந்து நின்றது. எல்லாம் மொத்த லைசென்ஸ் வாங்கி, சொந்த சர்வர் வழியே ஆக்டிவேட் செய்யப்பட்டவை. அன்று இரண்டாவது செவ்வாய் என்பதால் எல்லோரும் முதலில் மாத அப்டேட்டைச் சந்தேகித்தார்கள். உண்மையில் ஆக்டிவேஷன் சர்வர் பக்கம் செய்த ஒரு மாற்றமே காரணம். மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகள் எவை? கே.பி.971033 என்ற அப்டேட் நிறுவப்பட்டிருந்தவை. அந்த அப்டேட்டின் வேலையே திருட்டு நகலைக் கண்டுபிடிப்பது. திருடனைப் பிடிக்க வைத்த காவல், பணம் கட்டியவரைப் பிடித்துக்கொண்டது. அந்த அப்டேட்டை நீக்கிவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்ல வேண்டி வந்தது.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களுக்குப் பொறுமை தெரியாமல் இல்லை. சொந்த சர்வர் வழியே ஆக்டிவேட் செய்த விண்டோஸ், ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தேடும். கிடைக்காவிட்டாலும் 180 நாள் வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் 365க்கு 30 நாள். அதாவது, சர்வரிடமிருந்து பதிலே வராவிட்டால் கணினி காத்திருக்கிறது. பதில் தவறாக வந்துவிட்டால் காத்திருப்பதில்லை; நேற்றுவரை ஆறு வருடம் ஒழுங்காக இருந்த லைசென்ஸ் இன்று ஒரே இரவில் ஏன் செல்லாமல் போனது என்று தன்னையே கேட்டுக்கொள்வதும் இல்லை. இணையம் துண்டிக்கப்படும் என்பதை எதிர்பார்த்து வடிவமைத்தவர்கள், தாங்களே தவறு செய்யக்கூடும் என்பதை எதிர்பார்த்து வடிவமைக்கவில்லை. அந்தப் பொறுமையை இதற்கும் நீட்டிக்கச் சொல்கிறேன். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினி, அப்டேட்டுக்குப் பிறகு லைசென்ஸ் செல்லாது என்று முடிவுக்கு வந்தால், எச்சரிக்கை காட்டட்டும், நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பட்டும். 30 நாளுக்கு எந்த வசதியையும் நிறுத்தக் கூடாது.

இப்படி விட்டால் திருட்டு நகல் பெருகும் என்பார்கள். கொங்கு நாட்டில் திருட்டு நகல் இல்லவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அதற்குச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு குறைந்தது ஏழு நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் சொல்கிறது. ஆனால் நான் கேட்கும் அவகாசம், ஏற்கெனவே முறைப்படி ஆக்டிவேட் ஆன கணினிக்கு மட்டும்தான். திருட்டு நகல் வைத்திருப்பவர் ஆக்டிவேஷன் சோதனையை உடைத்துவிட்டு, அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருப்பார். சோதனை தடுமாறும் நாளில் அவர் பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் வாங்கி வைத்திருப்பவருடையது நிற்கும்.

அப்டேட் போடாமல் தள்ளிவைத்தால் போயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான யோசனை இல்லை. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற கணினிப் புழு தாக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள், தள்ளிவைத்தவர்கள் மாட்டினார்கள். ஒவ்வொரு முறை அப்டேட்டால் லைசென்ஸ் போகும்போதும், அப்டேட்டை நிறுத்தி வைப்பதே புத்திசாலித்தனம் என்று நூறு கம்பெனிகள் கற்றுக்கொள்கின்றன. லைசென்ஸ் சோதனையில் இருக்கும் கண்டிப்பு, கடைசியில் பாதுகாப்பைத்தான் அரிக்கிறது. உங்கள் துறை இதைக் கவனிக்க வேண்டியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எப்போதோ நடப்பது, ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். பெரிய நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். அங்கே தனி ஐ.டி. பிரிவு இருக்கிறது, அப்டேட்டைப் பத்துக் கணினியில் சோதித்துவிட்டு மற்றதில் விடுவார்கள். சொந்த ஆக்டிவேஷன் சர்வர் வைக்கவே குறைந்தது 25 கணினிகள் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. குறிச்சியில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கோ, திருப்பூரில் பத்து டெய்லர் வைத்து நடத்தும் பனியன் கம்பெனிக்கோ அந்த வழி அடைபட்டதுதான். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் என்று ஜி.எஸ்.டி. தாமதக் கட்டணம் ஓடும்போது, கோளாறு வேறு நாட்டு சர்வரில் என்ற விளக்கத்தை எந்த இணையதளமும் கேட்டுக்கொள்ளாது.

நீதிமன்றம் இருக்கிறதே என்றால், அங்கே போக யாரால் முடிகிறது என்று பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியபோது, குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி, பணம் முழுக்கக் கட்டிய லைசென்ஸ் இது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. அது அப்டேட் கோளாறு அல்ல, வேறு வகை. ஆனால் பணம் கட்டிய பிறகும் சாவி விற்றவர் கையில்தான் இருக்கிறது என்பதை அது எல்லோருக்கும் காட்டியது. ஒரு ஃபவுண்டரியின் முதலாளி டெல்லிக்குப் போக மாட்டார். நுகர்வோர் நீதிமன்றத்திலும் அவருக்குக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை, பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவர் தவிர. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், இழப்பீடு என்பது பெரும்பாலும் கட்டிய தொகைக்கு மேல் போகாது என்ற வரி இருக்கும்.

லினக்ஸுக்கு மாறலாமே என்ற யோசனையை நான் தள்ளவில்லை. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது; மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் பள்ளி மாணவர்களின் மடிக்கணினிகளில் வந்தது. ஆனால் பம்ப் வாங்கும் வாடிக்கையாளர் சாலிட்ஒர்க்ஸ் கோப்பைத்தான் கேட்கிறார், அது விண்டோஸில்தான் ஓடுகிறது. பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும் வழி பட்டறைக்குப் பொருந்த இன்னும் பல வருடம் ஆகும்.

மாநில அரசுக்கு இதில் என்ன அதிகாரம் என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். சட்டம் இயற்றும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை, வாங்குபவரின் அதிகாரத்தைக் கேட்கிறேன். 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்க அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது தமிழ்நாடு அரசு. இந்த அளவில் வாங்குபவர் சொல்லும் நிபந்தனையை யாரும் படிக்காமல் விட மாட்டார்கள். அரசு வகுத்ததை மென்பொருள் நிறுவனம் ஏற்றதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அப்போது எத்தனையோ விசைப்பலகைகள் புழங்கின. இன்று விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது.

ஆகவே எல்காட்டின் அடுத்த டெண்டரில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கக் கேட்கிறேன். ஒருமுறை ஆக்டிவேட் ஆன மென்பொருள், அப்டேட்டுக்குப் பிறகு லைசென்ஸ் சோதனையில் தவறினால் 30 நாள் முழு வசதியோடு ஓட வேண்டும். லைசென்ஸ் தொடர்பான மாற்றத்தைப் பாதுகாப்பு அப்டேட்டோடு கட்டி அனுப்பாமல், தனியாக, முன்னறிவிப்போடு அனுப்ப வேண்டும். கோளாறு விற்பனையாளர் பக்கம் என்று தெரிந்தால், அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவித்து, முடங்கிய நாட்களைச் சந்தாவில் கூட்டித் தர வேண்டும். இந்த மூன்றில் முதலாவது மட்டும் நடந்தாலும் போதும், மற்ற இரண்டைப் பற்றிப் பிறகு பேசலாம். மாணவருக்கு வழங்கும் மடிக்கணினியில் ஓடும் விண்டோஸும் கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மேஜையில் ஓடும் விண்டோஸும் ஒரே நிரல்தான். அரசுக்காக அதில் செய்யும் திருத்தத்தைப் பட்டறைக்கு மட்டும் மறுப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் இருக்காது.

கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளின் கருத்தையும் கேட்டு, டெண்டர் வரைவை இறுதி செய்வதற்கு முன்பே இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு தமிழ்நாட்டுக் குடிமகன்