பஸ்ஸில் ஏறினால் கௌரவம் போய்விடுமா?

காலை ஒன்பது மணிக்குச் சென்னை அண்ணா சாலையில் நின்று பார்க்கின்றவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். ஐந்து பேர் உட்காரத்தக்க காரில் ஒரே ஒரு ஆசாமி உட்கார்ந்துகொண்டு, முன்னால் உள்ள கார் நகரவில்லையே என்று ஹாரனை அமுக்கிக்கொண்டிருப்பார். அந்த முன் காரிலும் ஒரே ஒரு ஆசாமிதான்! "ஏன் ஐயா, பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ போகக்கூடாதா?" என்றால், "ஆபீசில் என்ன நினைப்பார்கள்?" என்பார். செலவு, நேரம் என்கின்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கௌரவத்தின் யோக்கியதைதான் என்ன? 2015-ல் சென்னையில் மெட்ரோ ரயில் விட்டபோது, அதில் சிறப்பு வகுப்பு என்று ஒன்றை வைத்து இரட்டிப்புக் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பெட்டி மற்றப் பெட்டிகளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்ததா? இல்லை. கூட்டம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மற்றபடி அந்தக் காசு, பக்கத்தில் யார் உட்காரக்கூடாது என்பதற்காகக் கொடுத்த காசே தவிர வேறல்ல. 2020-ல் அந்த வகுப்பை எடுத்துவிட்டு அதைப் பெண்களுக்கு விட்டார்கள். ரயில் ஒன்றும் தடம் புரண்டுவிடவில்லை.

நிற்க, பக்கத்தில் யார் என்கின்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1930-ஐ ஒட்டிய காலத்தில் மோட்டார் பஸ்காரர்கள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். மறுக்கின்றவர்களின் லைசென்சு ரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்த தோழர் சௌந்தரபாண்டியன் அவர்கள் உத்தரவு போட வேண்டியதாயிற்று. உத்தரவுக்குப் பயந்து ஆளை ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் "இவனோடு சரிசமமாக உட்காருவதா?" என்கின்ற எண்ணம் மாத்திரம் இறங்கி ஓடிவிடவில்லை. காசுள்ளவனிடத்தில் அது ஒரு கார் வாங்கிக்கொண்டது!

2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதை "ஓசி பஸ்" என்று கேலி செய்கின்ற கார்க்காரரை நாம் ஒன்று கேட்கின்றோம். தங்கள் காரைப் பகலெல்லாம் பொதுத் தெருவில் நிறுத்தி வைத்திருக்கின்றீர்களே, அந்த இடத்துக்கு எத்தனை ரூபாய் வாடகை கொடுத்தீர்கள்? (ஆயுத பூஜையன்று அதே தெருவில் பூசணிக்காயை உடைத்து, நடக்கின்றவனை வழுக்கி விழச் செய்வதும் இலவசந்தானே!)

பஸ்ஸில் தொங்க வேண்டியிருக்கின்றது, இரவில் வண்டியே இல்லை என்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. பஸ் போகாத ஊர்க்காரன் மோட்டார் சைக்கிள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் பஸ் ஏன் இந்த லட்சணத்தில் இருக்கின்றது? அதட்டிக் கேட்கத்தக்க செல்வாக்குள்ளவர்கள் அதில் ஏறுவதில்லை. மந்திரிகளும் கலெக்டர்களும் போக்குவரத்து அதிகாரிகளும் வாரம் ஒரு நாளாவது அதே பஸ்ஸில் நின்றுகொண்டு ஆபீசுக்குப் போகட்டும். அடுத்த மாதம் எத்தனை புது பஸ் வருகின்றது என்று எண்ணிப் பார்ப்போம்.