தகட்டுக்கும் பெட்டிக்கும் பொருத்தம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர்கள் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். கோடை மின்வெட்டுக்கு முன்னேற்பாடாக, மடித்துவைக்கும் சூரிய ஒளித் தகடும், பவர் ஸ்டேஷன் என்று கடைகளில் விற்கப்படும் மின்கலப் பெட்டியும் வாங்கலாமா என்று வினவினர். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு. அதை நாம் காசு கொடுத்துக் கற்றவர்களாதலால், இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

தலைநகரில் குடியேறிய நம்மவர் 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களை மறந்திரார். முதல் நாள் வடபுலத்து மின்தொடர் செயலிழந்தது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் அதனோடு சேர்ந்து வீழ, 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. அத்தகைய நாள் அரிதே. எனினும் சில மணி நேர மின்வெட்டே போதும், முதியோர் உள்ள வீட்டை நிலைகுலையச் செய்ய.

நம் அன்னையாருக்கு வயது 78. இரைப்பு நோய் உண்டு. அவருக்காகவே 500 வாட்-மணி கொள்ளும் பெட்டி ஒன்றும், 100 வாட் தகடுகள் இரண்டும் வாங்கினோம். தகட்டின் முதுகில் திறந்த சுற்று மின்னழுத்தம் 21.6 வோல்ட் என்று பொறித்திருந்தது. பெட்டியின் வாயருகே, 12 முதல் 28 வோல்ட் வரை என்று எழுதியிருந்தது. இரண்டையும் படித்தோம், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தோமில்லை. தகடுகளைத் தொடராக இணைத்தால் பெட்டி விரைந்து நிறையும் என்று ஒருவர் கூறியதை நம்பி, ஜனவரி மாதத்துக் குளிர்ந்த காலையில் அவ்வாறே இணைத்துச் செருகினோம். திரையில் ஓர் எண் தோன்றி மறைந்தது. அதன்பின் பெட்டி விழிக்கவேயில்லை. வரம்பு மீறிய மின்னழுத்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார் விற்றவர். அவர் கொடுத்த தாளிலும் அவ்வாறே அச்சிட்டிருந்தது.

பணம் போன வருத்தத்தில் வேறு பெட்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். மே மாதத்து இரவொன்றில் பதினொரு மணிக்குப் போன மின்சாரம் விடியுமட்டும் வரவில்லை. அன்னையாருக்கு இரைப்பு மூண்டது. நெபுலைசர் மேசைமேல் இருந்தது; பெட்டியும் அதன் அருகே வெறுஞ்சுமையாக இருந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் காரை எடுத்துவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அன்னையார் நலமாக மீண்டார். ஆயினும், அவரைத் தூக்கிக்கொண்டு இருளில் நான்கு மாடி இறங்கிய அந்நேரம் இன்னும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

செய்த பிழை யாது? தகடுகளைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும். பக்கமாக இணைத்தால் ஆம்பியர் கூடும். 21.6-ஐ இரட்டித்தால் 43.2. பெட்டி தாங்குவதோ 28. போதாக்குறைக்குக் குளிர் வேறு. தகட்டில் பொறித்த எண்கள் 25 டிகிரி வெப்பத்துக்கு உரியவை. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய நூற்றுக்கு 0.3 பங்கு உயரும். 5 டிகிரிக் குளிரில் 43.2 என்பது 45.8 ஆகிவிடும். ஆகவே வடபுலத்தில் வாழும் நாம், தகடுகளின் திறந்த சுற்று வோல்ட்டைக் கூட்டி, அதற்குமேல் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்தபின்னும் பெட்டியின் உச்ச வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்த்தே இணைக்கவேண்டும். பெட்டியின் கீழ் வரம்பையும் நோக்குக. தகட்டின் வோல்ட் அதை எட்டாவிடில் கேடொன்றும் விளையாது, மின்னேற்றமும் நடவாது.

அவ்விரு தகடுகளையும் பக்கமாக இணைத்திருந்தால் வோல்ட் 21.6 அளவிலேயே நின்றிருக்கும். ஆம்பியர் மிகுந்தால், பெரும்பாலான பெட்டிகள் தமக்கு வேண்டிய அளவே ஏற்றுக்கொள்ளும். எனினும் பெட்டியோடு வரும் கையேட்டை ஒருமுறை படித்துவிடுக. செருகியும் ஒத்திருக்கவேண்டும். எம்.சி.4, எக்ஸ்.டி.60, உருளைச் செருகி எனப் பலவகை உண்டு. மாற்றுச் செருகி வாங்கினால், நேர்முனை எது, எதிர்முனை எது என்று மல்டிமீட்டரால் அளந்தபின்பே பூட்டுக.

இனி அளவுப் பொருத்தம். 100 வாட் தகடு நல்ல வெயிலிலும் 70 வாட் அளவே தரும் என்று கொள்வது நலம். தகடு சூடேறினால் அதன் ஆற்றல் குறையும். ஐந்து மணி நேர வெயிலில் 350 வாட்-மணி கிடைக்கும். 500 வாட்-மணிப் பெட்டி நிறைய ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கவேண்டும். கண்ணாடிக்குப் பின்னே வைத்தல் ஆகாது. பால்கனிக் கம்பியின் நிழல் ஒரு கோடு விழுந்தாலும் ஆற்றல் வெகுவாகக் குறையும். பெட்டியையோ வெயிலில் வைக்கலாகாது. அதற்கு நிழலே உகந்தது.

500 வாட்-மணியில் சேதாரம் போகச் சுமார் 425 நம் கைக்கு வரும். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி அதில் 14 மணி நேரம் ஓடும். 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் கருவியோ ஒன்றேகால் மணிக்குள் அதைக் காலியாக்கிவிடும். அத்தகைய கருவியை நம்பியிருப்போர் இப்பெட்டி ஒன்றையே துணையாகக் கொள்ளவேண்டா. மருத்துவரைக் கலந்து, மாற்று உருளையும் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

பிள்ளைக்குப் பெண் பார்க்கையில் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் இரு பொருள்களுக்கிடையே ஒரு பொருத்தமேனும் பார்க்கலாகாதா? வாங்கப் புறப்படும் அன்பர்கள் தகட்டின் எண்களையும் பெட்டியின் எண்களையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருக. உடனிருந்து கூட்டிப் பார்க்கக் காத்திருக்கிறோம். அன்னையார் அறையில் இப்போது புதிய பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் வாயருகே, 28 என்னும் எண்ணை நம் பெண் சிவப்பு மையால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள்.