வயிறு நிறைந்தது தெரியாத மெஷின்

வாஷிங் மெஷினுக்குக் கண் கிடையாது. பின்னே, 'தண்ணீர் போதும்' என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "உள்ளே ஏதோ சென்சார் இருக்கு சார்" என்றார்கள் பலர். என் மாமனார் மட்டும், "ஃப்ளஷ் டாங்க்ல மிதக்குமே, அந்த மாதிரி பந்து!" என்றார். மாமனாரை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கையை எதிர்த்துத் தள்ளும். மெஷினிலும் இதே சங்கதிதான். தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய ட்யூப் ஒன்று மேலே ஏறி ஒரு ஸ்விட்சில் முடிகிறது. தண்ணீர் ஏற ஏற, ட்யூபில் சிக்கிய காற்று அழுந்தி ஸ்விட்சின் ரப்பர் சவ்வைத் தள்ளும். உடனே வால்வுக்குப் போகும் கரண்ட் நிற்கும், வால்வு மூடும். புது மாடல்களில் ஸ்விட்சுக்குப் பதில் எலெக்ட்ரானிக் சென்சார். காற்று அதே பழைய காற்றுதான்!

அந்த ட்யூபில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, சோப்புக் கசடு அடைத்தாலோ போச்சு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த சித்தப்பா மாதிரி மெஷின் வாங்கிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் எங்கள் வீட்டில் இப்படி வழிந்தது. கீழ்வீட்டுக்கு ஒழுகி, அந்தப் பெண்ணின் பிளஸ் டூ நோட்டு இரண்டு நனைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாக இஸ்திரி போட்டுக் காயவைத்தோம். மெக்கானிக் வந்தார். தட்டினார். "போர்டு போச்சு சார். 6,500 ரூபா ஆகும்."

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள் என் மனைவி. "தண்ணி ஏறும்போது ஸ்விட்சை அணைச்சுப் பாருங்க. நிக்குதா?"

நின்றது.

"அப்ப வால்வு நல்லாதானே மூடுது? அந்த ட்யூபைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினால், உள்ளே சாம்பல் நிறத்தில் களிம்பு! வெந்நீரில் அலசி, உலர்த்தி மாட்டினார். மெஷின் சமர்த்தாக, உரிய அளவில் நிறுத்திக்கொண்டது. போர்டுக்கு ஒன்றுமே இல்லை.

கரண்டை அணைத்த பிறகும் தண்ணீர் வந்தால் வால்வில்தான் கோளாறு. மண் துகள் ஏதாவது சிக்கியிருக்கும். இன்னொரு வேடிக்கை: அந்த வால்வு இறுக மூடுவதற்குத் தண்ணீரின் அழுத்தமே உதவ வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம். டாங்க் மொட்டை மாடியில் தாழ்வாக இருந்தால், அழுத்தம் போதாமல் வால்வு கசியலாம். அழுத்தம் குறைந்ததால் வெள்ளம்! யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். தரையெல்லாம் தண்ணீர் நிற்கும்போது மெஷினைத் தொடாதீர்கள். ஈரக்காலோடு பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நின்று மெயினை அணையுங்கள்; அப்புறம் குழாயை மூடுங்கள். மேலே சொன்ன சோதனையும் தரையும் கையும் உலர்ந்திருக்கும்போதுதான். மெஷினை ஓடவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பாதீர்கள். துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள். சோப்புத்தூளையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். நுரை அதிகமானால் அழுக்கு அதிகம் போகாது. ட்யூபில் கசடுதான் சேரும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மெஷின் வழிந்து சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீரின் விலை அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, யாராவது 'போர்டு போச்சு' என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள். முதலில் வாயைத் திறந்து, "ட்யூபைப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கக் காசு செலவில்லை!