நான்காவது வரிசையில் நின்று பாடிய பிரெஞ்சுப் பாட்டு

2005ஆம் ஆண்டு. அரிமளத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பிலிருந்து பதினாறு பேர் சேர்ந்து ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாடினோம். அந்த வருடம் புதிதாக வந்திருந்த டீச்சர் புதுச்சேரியில் படித்தவர். எல்லாப் பள்ளியிலும் பாடும் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று அவர்தான் ‘ஃப்ரேர் ஜாக்’ பாட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கே மழலையர் பள்ளிகளில் ஆங்கிலத்தில் பாடப்படும் அதே மெட்டு. காலை வழிபாட்டுக்கு மணியடிக்க வேண்டிய துறவி தூங்கிக்கொண்டிருக்கிறார், அவரை எழுப்புகிறார்கள். பாட்டில் இருப்பது அவ்வளவுதான்.

அதுவரை பள்ளி மேடையில் எனக்கு இடமில்லை. இறைவணக்கம் பாட, வீட்டில் பாட்டு டியூஷன் வைத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை அழைப்பார்கள். பரதநாட்டியத்துக்கும் அப்படித்தான். “இது யாருக்குத் தெரியும், கை தூக்குங்க” என்று கேட்கும்போதே யார் கை மேலே போகும் என்பது முடிவாகியிருக்கும். திறமை என்று பள்ளி எதைச் சொல்கிறதோ, அதில் பெரும்பங்கு வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். பியர் பூர்தியூவும் ழான்-குளோத் பஸ்ரோனும் 1964இல் பிரெஞ்சு மாணவர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘வாரிசுகள்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆய்வு மாணவனாக அதைப் படித்தபோது எனக்கு அரிமளத்து இறைவணக்கம்தான் நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சுப் பாட்டுக்கு எங்கள் வகுப்பில் வாரிசே இல்லை. வாத்தியார் வீட்டுப் பையனுக்கும் களையெடுக்கப் போகும் அம்மாவின் மகனான எனக்கும் அந்த ‘ர்’ ஒரே மாதிரி தொண்டையில் சிக்கியது. யாரும் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வர முடியாது. ஒத்திகை நடந்த மூன்று வாரமும் நாங்கள் பதினாறு பேரும் ஒரே அளவு தெரியாதவர்களாக இருந்தோம். பள்ளியில் நான் அனுபவித்த சமத்துவம் அந்த மூன்று வாரம்தான்.

அந்தப் பாட்டைச் சுற்றுப்பாட்டாகப் பாட வேண்டும். நான்கு அணிகள். முதல் அணி ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போகும்போது இரண்டாம் அணி தொடங்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. எல்லோருக்கும் ஒரே மெட்டு, ஒரே சொற்கள், தொடங்கும் நேரம் மட்டும் வேறு. ஆனால் தாளம் தவறினால் எல்லாம் குழம்பிவிடும். எனக்கு மட்டும் தவறவில்லை. டீச்சர் என்னை நடுவில் நிறுத்திக் கைதட்டித் தாளம் கொடுக்கச் சொன்னார். “எங்கடா கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

“ரேடியோ கேட்டு, டீச்சர்” என்றேன்.

அது பொய். என் அப்பா பறையடிப்பவர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த அடிக்கணக்கு என் காதில் இருந்தது. அதை அந்த வகுப்பறையில் சொன்னால் என்ன ஆகும் என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. கடல் கடந்து வந்த பாட்டு மேடையேறலாம், தெருவிலிருந்து வந்த பறையின் பெயரை உச்சரிக்கக்கூடக் கூடாது. யாரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் இன்னொரு ஆசிரியர் வந்து வரிசையை மாற்றினார். “பேரண்ட்ஸ் எல்லாம் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க, பார்த்து நிறுத்துங்க” என்றார். சாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஆனால் அவர் நிறுத்தி முடித்தபோது நான்காவது வரிசையில் இருந்த நான்கு பேரும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள். நான்தான் வகுப்பில் குள்ளம். குள்ளமானவர்கள் முன்னால் நிற்பதுதானே எங்கும் வழக்கம்? எனக்கு முன்னால் மூன்று வரிசை முதுகுகள். புது டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

சுற்றுப்பாட்டில் கடைசியாகத் தொடங்கும் அணிதான் கடைசியாக முடிக்கும். மற்ற மூன்று அணிகளும் ஒவ்வொன்றாக நின்ற பிறகு, கடைசி அடியை எங்கள் நால்வர் குரல் மட்டும் தனியாகப் பாட வேண்டும். ஒத்திகையில் நடுவில் நின்று நான் கேட்டு ரசித்த இடம் அதுதான். விழாவில் முன்வரிசைப் பிள்ளைகள் பாடி நிறுத்தியதும் பாட்டு முடிந்துவிட்டது என்று கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அந்தக் கைதட்டலுக்குள்தான் நாங்கள் எங்கள் அடிகளைப் பாடி முடித்தோம். டீச்சர் மட்டும் கையை இறக்காமல், நாங்கள் நிறுத்தும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார். “உன் சத்தம் கேக்கலையேப்பா” என்றார் வீட்டுக்கு வந்து.

அந்தப் பாட்டின் முதல் சொல்லுக்குச் சகோதரன் என்று பொருள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே அது துறவியை அழைக்கும் சொல். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கத்தின் மூன்றாவது சொல்லும் அதே குடும்பம்தான். 1954 அக்டோபரில் வானொலியில் பேசிய அம்பேத்கர், இந்த மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றதாகச் சொன்னார். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், ஒரு பகுதியில் நிகழும் மாற்றம் மற்றப் பகுதிகளுக்கும் போய்ச் சேர வழிகள் இருக்கும் சமூகத்தையே அவர் இலட்சிய சமூகம் என்கிறார். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காவிட்டால் சகோதரன் என்ற சொல்லை எந்த மொழியில் பாடி என்ன? பிரெஞ்சு ஆண்ட புதுச்சேரியே இதற்குச் சாட்சி. தேவாலயத்துக்குள் தலித் கிறித்தவர்களைப் பிரித்து வைத்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே பதிவு இருக்கிறது.

இது இருபது வருடத்துக்கு முந்தைய கதை என்று சில தோழர்கள் சொல்லலாம். வேங்கைவயல் இதே புதுக்கோட்டை மாவட்டம்தான், நடந்தது 2022 டிசம்பரில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடைய பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை வேண்டும் என்ற பரிந்துரையைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்க விவாதித்தன. மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமானதாகப் பட்டது. சாதி எப்போதும் கயிறு கட்டிக்கொண்டு வருவதில்லை. “பார்த்து நிறுத்துங்க” என்று சொல்லிக்கொண்டும் வரும்.

எனவே கேட்பது இரண்டுதான். அகரவரிசை வகுப்பறையோடு நிற்க வேண்டாம், விழா மேடைக்கும் வரட்டும். அடுத்தது, பிரெஞ்சுப் பாட்டு தாராளமாக மேடையேறட்டும், ஆனால் அதே மேடையில் பறையும் ஏறட்டும். கலை நிகழ்ச்சியில் ஓர் ஓரமாக இல்லை, கற்றுக்கொள்ள வேண்டிய இசையாக, எல்லாத் தெருப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளும்படி. எங்கே கற்றாய் என்று ஆசிரியர் கேட்டால், ‘எங்கப்பாகிட்ட’ என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல வேண்டும்.

தோழர்களே, இந்த வருடம் உங்கள் தம்பி தங்கையின் பள்ளி விழாவுக்குப் போனால் மேடையைக் கொஞ்சம் கவனியுங்கள். கடைசி வரிசையில் நிற்பது யார் என்று பாருங்கள். அவர்கள் பாடி முடிக்கும்வரை கைதட்டாமல் இருங்கள்.